ராடு குழிக்குள் இருக்கும்போது

இப்படி நெழல்ல வந்து உக்காருங்க சார். ராகு காலம் முடிய இன்னும் நேரம் இருக்குதுங்க. வண்டி தயாரா நின்னாலும் ராகு காலத்துல நான் போர்க் குழிக்குள்ள ராடு எறக்க மாட்டேன். உங்கம்மாவும் அதையேதான் சொன்னாங்க. நீங்க பெங்களூர்ல ஆபீஸ் வேலையில இருக்கறவரு, இதையெல்லாம் நம்ப மாட்டீங்க. பரவால்லீங்க. நம்பறவங்களுக்கும் நம்பாதவங்களுக்கும் ஆழத்துக்கு வாங்கற அடி ரேட்டு ஒண்ணுதான்.

சம்பளமெல்லாம் ஒழுங்காக் குடுக்கறாங்களான்னு கேட்டீங்களே, அதை யாரும் கேக்க மாட்டாங்க சார். போர் போட வந்தவன்கிட்டத் தண்ணி வருமான்னுதான் கேப்பாங்க. நீங்க கேட்டதால சொல்றேன். மத்தபடி வண்டி விசயத்தை நான் வெளிய சொல்றவன் இல்லீங்க.

எனக்கு ஊரு திருச்செங்கோட்டுப் பக்கமுங்க. எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் போர் போடற ரிக் வண்டியில இருப்பான். வருசத்துல பாதி நாளு கர்நாடகா, ஆந்திரா, அதுக்கும் மேலன்னு சுத்திட்டு இருப்போம். நான் டிரில்லர். அந்த லீவருங்க இருக்குதுல்ல, அது என் கையில. நான் கைய எடுத்தா வண்டி நிக்கும். குழி எவ்வளவு ஆழம் போகணும், எங்க நிறுத்தணும், எல்லாம் நான் சொல்றதுதான். பெருமைக்குச் சொல்லலை, வேலை அப்படி.

முதலாளி பேரு அர்த்தனாரி. என்னை மாப்ளன்னுதான் கூப்புடுவாரு. சொந்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இருந்தாலும் கூப்புடுவாரு. மத்தவங்களுக்கு அந்த மரியாதை கிடையாது. லாரி டிரைவர் குப்புராசை பேரு சொல்லிக் கூப்புடுவாரு. உதவிக்கு இருந்த தீர்த்தகிரியை எலேய்ம்பாரு. புத்ராம்னு சத்தீஸ்கர்க்காரன் ஒருத்தன் இருந்தான், அவனை இந்தின்னு கூப்புடுவாரு. மாப்ளன்னு கூப்புட்டது என்னை மட்டுந்தான். ஒரு மனுசன் நம்மளை எந்த எடத்துல வெச்சிருக்கறான்னு கூப்புடறதுலயே தெரிஞ்சிரும் பாருங்க.

இது நடந்தது நாலு கோடைக்கு முன்னாடிங்க. அப்ப கர்நாடகாவுல சித்ரதுர்கா பக்கம் கெடந்தோம். டீசல் வெலை ஏறுச்சுன்னு அடி ரேட்டை ஏத்துனாங்க. பாறைய ஒடைக்கற பிட்டு வெலை ஏறுச்சுன்னு இன்னொரு தடவை ஏத்துனாங்க. எங்க சம்பளம் மட்டும் ஏறவே இல்லை. பக்கத்து வண்டிங்கள்ல எல்லாம் ஏத்திட்டாங்க. வழியில டீக்கடையில வேற வண்டிக்காரங்களைப் பாத்தா, "இன்னும் அங்கயா இருக்கறீங்க?"ன்னு கேப்பாங்க. கேக்கறதுல தப்பு இல்லை. அவங்க கேக்கறப்ப சிரிக்கறாங்க பாருங்க, அதுதான் வயிறு எரியும்.

ஒரு நாள் சாயங்காலம் சோறு வெந்துட்டு இருக்கறப்ப குப்புராசுதான் ஆரம்பிச்சான். கேட்டு ஏத்தலைன்னா எல்லாரும் ஒண்ணா வேலைய விட்டுட்டுப் போயிரலாம்னான். தீர்த்தகிரிக்குத் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குன முன்பணம் இருந்துச்சு. அது கழியற வரைக்கும் பொறுக்கணும்னு சொன்னான். புத்ராம் நாளைக்குக் காலையிலயே போலாம்னான். அவனுக்கு எப்பவுமே அவசரம்.

நாந்தான் எல்லாரையும் அமத்துனேன். அதுக்கு ஒரு முறை இருக்குதுன்னேன். எங்க தொழில்ல ஒரு சட்டமுங்க: குழிக்குள்ள ராடு இருக்கும்போது எவனும் வண்டிய விட்டுப் போகக் கூடாது. யாரும் எழுதி வெச்ச சட்டம் இல்லை. உள்ள எறக்குன ராடு மாட்டிக்கிச்சுன்னா அடி நுனியில இருக்கற சுத்தியலோட சேந்து மொத்தமும் மண்ணோட போயிரும். குழியும் போச்சு, அந்த விவசாயி பணமும் போச்சு. அதனால எறக்குனவன் ஏத்திட்டுத்தான் போகணும். சாவு விழுந்தாக்கூட ராடைத் தூக்கிட்டுத்தான் பஸ் ஏறுவோம். எங்கப்பா செத்தப்ப நான் அப்படித்தான் போனேன், சுடுகாட்டுக்கு நேரா.

அப்ப போர் போடற ஒரு பாயிண்ட் முடிஞ்சு அடுத்த பாயிண்டுக்குப் போற வழியில போயிரலாமேன்னு குப்புராசு கேட்டான். எங்கீங்க வழி? பாயிண்ட் புடிச்சுக் குடுக்கற ஏஜென்ட் பைக்குல முன்னாடி போயிட்டே இருப்பான். நாம போயி நிக்கறதுக்குள்ள அங்க தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் தட்டுல இருக்கும். வீட்டுப் பொம்பளைங்க ஈரத் தலையோட நிப்பாங்க. பூசைக்கு நின்னவங்ககிட்டப் போயி எங்களுக்குச் சம்பளம் பத்தலைன்னு சொல்ல முடியுமுங்களா?

அதனால நான் ஒரு வழி சொன்னேன். அடுத்து எந்தப் பாயிண்டுல தண்ணி வருதோ அன்னைக்கு முதலாளிக்குப் போன் பண்ணுவோம். ஏத்துனா இருப்போம், இல்லைன்னா ராடைத் தூக்கி அடுக்கிட்டு எல்லாரும் ஒண்ணா ஊருக்குக் கெளம்புவோம். தண்ணி குடுத்துட்டுப் போனா பேரோட போனதா இருக்கும். காஞ்ச குழிய விட்டுட்டுப் போனா எழவு வீட்டுல இருந்து பாதியில எந்திரிச்சு வந்த மாதிரி. எல்லாருக்கும் அது சரின்னு பட்டுச்சு. முதலாளிகிட்டப் பேசறது யாருன்னு கேட்டாங்க. நாந்தான்னேன். மாப்ளன்னு கூப்புடறவரு நான் சொன்னாத் தட்ட மாட்டாரு. புத்ராம் மட்டும் ரெண்டு தடவை கேட்டான், "தண்ணி வந்தா போறது, சரியா?"ன்னு. சரின்னேன்.

அடுத்த பாயிண்ட் ஹொன்னம்மான்னு ஒரு அம்மாவோட வெள்ளாமைக் காடு. வீட்டுக்காரரு இல்லை. கறவை மாட்டை வித்துப் போர் போடறாங்க. போட்டுட்டே இருந்தோம், வெறும் வெள்ளைப் புழுதி. உங்க கண்ணுக்கு எல்லாப் புழுதியும் ஒண்ணாத் தெரியும் சார், எனக்கு அதுதான் பேசும். ரொம்ப ஆழம் போனதுக்கப்பறம் தீர்த்தகிரி புழுதிய அள்ளிக் கையில புடிச்சுப் பாத்துட்டு, "அண்ணா, ஈரம் ஒட்டுது"ன்னான். நானும் பாத்தேன். ஒட்டுச்சுதான். அதெல்லாம் மேல இருந்து கசியற ஈரம், ஏமாத்துற ஈரம்னு சொல்லிட்டு நிறுத்திட்டேன். அந்தம்மாகிட்டப் போயி, இதுக்கு மேல போனாச் செலவுதான் ஆகும்மா, பணத்தை மிச்சம் புடிச்சுக்குங்கன்னு எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல சொன்னேன்.

அந்தம்மா அழலைங்க. எங்களை உக்கார வெச்சுக் களி உருண்டை போட்டாங்க. எனக்கு ரெண்டு உருண்டை. பொய் சொல்லாத மனுசன்னு சொன்னாங்க. மத்த வண்டிக்காரனா இருந்தா அடிக் கணக்கு ஏறட்டும்னு இன்னும் போட்டுட்டே இருப்பான். அங்க உக்காந்து எவன் சம்பளத்தைப் பேசுவான்? நாங்க பேசலை.

அதுக்கடுத்த பாயிண்டும் காஞ்சுது. அதுக்கடுத்ததும் காஞ்சுது. அந்தக் காட்டுக்காரரு இன்னும் கொஞ்சம் போலாம், கொஞ்சம் போலாம்னு கெஞ்சுனாரு. நான் முடியாதுன்னுட்டேன். உங்க பணம் எனக்கு முக்கியம்னேன். அவரு என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. முதலாளிக்கு அடி கொறைஞ்சா வருமானம் கொறையுமே, அவரு போன்ல சத்தம் போட்டாரு. நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். விவசாயிக்காகத் திட்டு வாங்குன டிரில்லர் யாராவது இருக்கறாங்களான்னு நீங்க வேணா விசாரிச்சுப் பாருங்க.

அன்னைக்கு ராத்திரிச் சோத்துல குப்புராசு கை வைக்கலை. என்னடான்னேன். அப்பத்தான் சொன்னான்.

"அண்ணா, நீங்க தண்ணி வர்றதுக்கு முன்னாடி நிறுத்தறீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லீங்க. தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சேன். நான் எதுக்கு நிறுத்தணும்? எனக்கு என்ன லாபம்? சம்பளம் ஏறுனா எனக்கும்தான ஏறும்? எம்பொண்ணு நர்சிங் படிக்கணும்னு கேட்டுட்டே இருந்துச்சு அப்ப. உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் ஏத்தம் வேணும்னு சொன்னேன். குப்புராசு தட்டைத் தள்ளி வெச்சான். தீர்த்தகிரி என்னைப் பாக்காம புழுதியப் பாத்துட்டு இருந்தான். புத்ராமுக்கு என்ன புரிஞ்சுதோ, எங்க மூஞ்சிங்களை மாத்தி மாத்திப் பாத்தான். எனக்கு அழுகையே வந்துருச்சு. இத்தனை வருசத்துல என் லீவரை ஒருத்தன் சந்தேகப்பட்டதில்லை.

சரி, நாளைக்கு எங்க நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்க, நீங்க நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நான் கைய எடுக்க மாட்டேன்னு சவால் விட்டேன்.

மறுநாள் ஒரு பெரிய தோட்டம். பாக்குத் தோட்டம், பாதி மரம் காஞ்சு போச்சு. காலையில எறக்க ஆரம்பிச்சோம். மத்தியானம் வெள்ளைப் புழுதி. அப்பறம் கறுப்பு. அப்பறம் தீர்த்தகிரி அள்ளிப் பாத்தான், ஒட்டுச்சு. என் இஷ்டத்துக்குன்னா அங்கயே நிறுத்தியிருப்பேன். பாத்தேன், மூணு பேரும் என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க. கைய எடுக்கலை. இன்னொரு ராடு மாட்டுனோம். அந்த ஒரே ராடுதான் சார். அது பாதி எறங்கறதுக்குள்ள குழி உறுமுச்சு. புழுதி சேறாச்சு, சேறு தண்ணியாச்சு, அடிச்சுது பாருங்க, தென்னை மரம் ஒசரத்துக்கு. கோபத்துல எறக்குன ராடு, சாமி குடுத்துருச்சு. அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

ஊரே ஓடி வந்துச்சு. பொம்பளைங்க கொடத்தோட நனைஞ்சாங்க. தோட்டக்காரரு எனக்கு மாலை போட்டு, புதுத் துண்டு போர்த்தி, வாயில வெல்லம் ஊட்டுனாரு. எங்க எல்லாருக்கும் கையில காசு குடுத்தாரு. கெடா வெட்டச் சொல்லி ஆள் அனுப்புனாரு. தலையில இருந்து கால் வரைக்கும் சேறு, யாரு யாருன்னே தெரியலை. நான் அந்த மாதிரி சந்தோசமா இருந்தது கல்யாணத்தன்னைக்குக்கூட இல்லை.

அப்பப் பாத்து புத்ராம் வந்து தோள்ல தட்டறான். "அண்ணா, போன்."

சொன்ன சொல்லுங்களே. நனைஞ்ச கையத் தொடைச்சுட்டு முதலாளிக்கு அடிச்சேன். அவங்க மூணு பேரும் சுத்தி நின்னாங்க. ராடு மொத்தமும் இன்னும் குழிக்குள்ளதான் இருந்துச்சு, தூக்க ஆரம்பிக்கலை. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரு பேச ஆரம்பிச்சுட்டாரு. ஏஜென்ட் முன்னாடியே சொல்லிட்டான் போல இருக்குது.

"மாப்ள, கலக்கிட்டீங்க. அந்த ஊர்ல மட்டும் புதுசா எத்தனை பாயிண்ட் வந்துருக்குது தெரியுமா? நீங்க இருக்கற தைரியத்துலதான் ரெண்டாவது வண்டி வாங்கறதுக்குச் சொல்லிட்டேன் மாப்ள."

நான் சரிங்கன்னேன். ரொம்ப சந்தோசமுங்கன்னேன். வேற ஏதாவது சொல்லணுமான்னு அவராத்தான் கேட்டாரு. அது அவரோட நல்ல கொணம். நான் சுத்தியும் பாத்தேன். அந்தப் பக்கம் கெடா கத்துது. இந்தப் பக்கம் தண்ணி அடிச்சுட்டு இருக்குது. ஒரு மனுசன் சந்தோசமா இருக்கறப்ப அதுல போயி மண்ணப் போடறதான்னு தோணுச்சு. ஒண்ணும் இல்லீங்க, சாப்பிட்டீங்களான்னு கேட்டு வெச்சுட்டேன்.

என்ன சொன்னாருன்னு குப்புராசு கேட்டான். யோசிக்கறேன்னு சொன்னாருன்னேன். அது பொய் இல்லீங்க சார். நான் சொல்லியிருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாரு. எனக்குத் தெரியாத முதலாளியா?

புத்ராமுக்குத் தமிழ் ரொம்பப் புரியாதுன்னு நாங்க நெனச்சுட்டு இருந்தோம். பேச்சுதான் அரைகொறை, காது நல்லாக் கேக்கும், நான் போன்ல பேசுனதையும் கேட்டுட்டான். அவன் நேரா லாரிக்குப் போனான். துணிப்பைய எடுத்தான், போர்வையச் சுருட்டுனான், செருப்பைக் கழுவிப் போட்டுக்கிட்டான். எங்கடா போறேன்னேன். போறேன்னான். ராடு குழிக்குள்ள இருக்குதுடா, தூக்கிட்டுப் போடான்னேன். அப்ப அவன் சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்குதுங்க.

"ராடு எப்பவும் குழியிலதான் இருக்கும் அண்ணா."

சொல்லிட்டு ரோட்டைப் பாத்து நடந்துட்டான். கெடாக் கறி வேகறதுக்குக்கூட நிக்கலை. குழிக்குள்ள ராடு இருக்கறப்ப ஒருத்தன் நடந்து போறதை நான் அன்னைக்குத்தான் மொத மொதலாப் பாத்தேன். முறை தெரியாத ஆளு. அத்தனை ராடையும் நாங்க மூணு பேரும்தான் தூக்குனோம். இடுப்பு விட்டுப் போச்சு.

அப்பறம் என்ன ஆச்சுன்னா கேக்கறீங்க? புத்ராம் ரெண்டே நாளுல வேற வண்டியில சேந்துட்டான். சம்பளம் எங்களுதை விட நெறைய அதிகமாம். கொஞ்ச நாள் கழிச்சு குப்புராசையும் அங்கயே கூப்புட்டுக்கிட்டான். முன்பணம் கழிஞ்ச மறுநாளே தீர்த்தகிரியும் போயிட்டான். போறப்ப என் காலைத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் போனான். எனக்கு மனசே கேக்கலை. ஒண்ணாப் போறதுன்னு பேசுனோம், ஒருத்தன் பின்னாடி ஒருத்தனாப் போயிட்டாங்க பாருங்க. ஒத்துமை இல்லை. எங்க ஆளுங்ககிட்ட இல்லாதது அதுதான்.

ஆள் கெடைக்காம முதலாளி திண்டாடிப் போயிட்டாரு. கடைசியில சம்பளத்தை ஏத்துனாரு. அதுவும் புதுசா வந்தவங்களுக்கு மட்டுந்தான். அந்தா வண்டிகிட்ட நிக்கறாங்களே, அவங்க வாங்கறது என்னை விட ஜாஸ்திங்க. எனக்கும் ஏத்துவாரு. நான் கேக்கலை, அதனால ஏத்தலை. கேட்டா ஏத்தாமப் போயிருவாரா? மாப்ளங்கறாரே.

எம்பொண்ணா? அடுத்த வருசம் சேத்தறேன்னு சொல்லிட்டு இருந்தேன். அந்த அடுத்த வருசம் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிருச்சு. இப்ப ஸ்பின்னிங் மில்லுக்குப் போகுது. என்னோட சரியாப் பேசறது இல்லைங்க. மில்லுல சத்தம் ஜாஸ்தி, அங்க போறவங்களுக்குப் பேச்சு கொறைஞ்சு போயிரும்னு சொல்றாங்க.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த ஹொன்னம்மா காட்டுக்கு புத்ராம் அவனோட புது வண்டியக் கூட்டிட்டுப் போயிருக்கறான். அதுக்குள்ள அவன் டிரில்லர் ஆயிட்டான். நாங்க போட்ட அதே குழியில ராடை எறக்கி, நாங்க நிறுத்துன எடத்துல இருந்து போட்டுருக்கறான். ஒரு ராடு, ரெண்டாவது ராடுன்னு போகறதுக்குள்ள தண்ணியாம். இன்னைக்கு அந்தம்மா மல்லிகை போட்டுருக்கறாங்களாம். குப்புராசுதான் போன் பண்ணிச் சொன்னான். எனக்குச் சொல்லணும்னே பண்ணுன மாதிரி இருந்துச்சு. நான் என்ன சொல்றது? பூமிக்குள்ள நடக்கறது யாருக்குத் தெரியும்? ஊத்து எடம் மாறும் சார். நான் போட்டப்ப அது அங்க இல்லை.

அந்தாங்க, உங்கம்மா பூசைத் தட்டைக் கொண்டாந்துட்டாங்க. மணி ஆச்சு, ராகு காலம் முடிஞ்சுது. வாங்க போலாம்.

உங்கம்மா பாவம், இந்தத் தென்னங்கன்னுகளுக்குக் கொடத்துல ஊத்தியே கை காச்சுப் போச்சுன்னு காலையில காட்டுனாங்க. பாத்துட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பவே ஒரு முடிவு பண்ணிட்டேன் சார். நீங்க வேற இவ்வளவு அக்கறையாக் கேட்டுட்டீங்க. இத்தனை வருசம் பொறுத்தது போதும். உங்க பாயிண்டுல தண்ணி வந்துச்சுன்னா இன்னைக்கே முதலாளிக்குப் போன் பண்றேன். ஏத்தறீங்களா, நான் கெளம்பட்டுமான்னு நேராக் கேட்டுடறேன். இது சத்தியம். நீங்க பக்கத்துலயே நின்னு கேளுங்க.

ஆழத்தைப் பத்தி மட்டும் நீங்க கவலையே படாதீங்க. வீணா ஒரு ராடு எறங்காது. எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்.